குறைத்த கிலோமீட்டர்

கனடாவில், ஸ்கார்பரோவில், மீன்கடையும் நகைக்கடையும் கணக்காளர் கந்தோரும் கொத்துரொட்டிக் கடையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில், ஜப்பானிலிருந்து பழைய கார்களைத் தேடிப் பிடித்து இறக்கி விற்கிற குலநாயகம் என்றொருவர் இருந்தார். மாசி மாதத்து உறைபனியிலும் அவர் காலுறைக்கு மேல் ரப்பர் செருப்புத்தான் போடுவார், சப்பாத்துப் போடமாட்டார், ஏன் என்று கேட்டால் "கால் வேர்க்கும்" என்பார், மைனஸ் இருபதில் கால் வேர்க்கிற உலகத்தின் ஒரே மனிதர் அவர் என்று சனமும் நம்பிக்கொண்டு தன் பாட்டில் போனது.

ஜப்பானில் காலை ஏலம் தொடங்குகிற நேரத்தில் இவர் இங்கே இரவுச் சாப்பாட்டுக் கோப்பையோடு கணினிக்கு முன்னால் குந்துவார். அங்கே ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு காருக்கும் ஒரு பரிசோதனைத் தாள் இருக்கும். எங்கே கீறல், எங்கே நெளிவு, எந்தக் கதவு மாற்றியது என்று ஒரு ஜப்பான்காரன் உளுந்தில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கி எழுதியிருப்பான். குலநாயகத்துக்கு அந்தத் தாளில் பிடிக்காதது அதன் உண்மை ஒன்றுதான். ஏனென்றால் அவரிடம் கார் வாங்க வருகிற எங்கள் சனத்துக்குக் கார் பழசாக இருக்கவேண்டும், ஆனால் ஓடியிருக்கக் கூடாது. மகனுக்குப் பெண் தேடும்போது வைத்திருந்த கொள்கையைத்தான் அவர்கள் காருக்கும் வைத்திருந்தார்கள். ஊரில் சைக்கிளுக்குக் காற்றடிக்க வழியில்லாமல் இருந்தவர்கூட, வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த அந்தக் கார்களின் போனட்டைத் தடவி, "எங்கடை அப்பரிட்டையும் இப்பிடி ஒண்டு நிண்டது" என்று கண் கலங்குவார். பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்திய வீட்டுக்கு அவளை ஹெலிகொப்டரில் இறக்கிப் பார்த்துவிட்டார்கள், யானையில் ஏற்றிப் பார்த்துவிட்டார்கள், இப்போது மோஸ்தர் பழைய ஜப்பான் கார்.

ஆகவே ஒவ்வொரு கார் வந்து இறங்கியதும் குலநாயகம் அம்பலவாணரைக் கூப்பிடுவார். அம்பலவாணர் நெல்லியடியில் மணிக்கூடு திருத்தினவர், இங்கே கார்களின் கிலோமீட்டர் மீட்டரைக் கழற்றி, அதன் இலக்கச் சக்கரங்களை ஒரு கொக்கி ஊசியால் பின்னுக்குச் சுற்றுகிறவர், பேச்சுக் குறைந்தவர். "எவ்வளவு?" என்று கேட்பார். குலநாயகம் ஒரு எண் சொல்லுவார். அவ்வளவுதான் தொழில்.

அந்த வருடம் கார்த்திகையில் ஒரு வெள்ளைச் செட்ரிக் வந்தது, எழுபத்துநான்காம் ஆண்டுக் கார். வட ஜப்பானில் மலைக் கிராமம் ஒன்றின் வைத்தியர் நோயாளிகளின் வீடுவீடாக ஓடித் திரிந்து, அவர் செத்த பிறகு மனைவி முப்பது வருடம் கொட்டிலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த கார். மீட்டரில் தொண்ணூற்று மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. குலநாயகம் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், "எழுபத்தோராயிரத்தை எடுத்துவிடுங்கோ" என்றார். அம்பலவாணர் எடுத்துவிட்டார். எடுத்தது எங்கே போகும் என்று இத்தனை வருடத்தில் இருவரும் யோசித்ததில்லை, இதற்கு முந்திய கார்களில் அது எங்கேயும் போனதாகத் தெரியவுமில்லை, ஆனால் இந்தக் காரில் அது போய் அந்தப் பிளாசா முழுக்க விழுந்தது.

அடுத்த நாள் காலை மீன்கடைக்காரர் விளைமீனை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு, சில்லுக்குச் சங்கிலி கட்டாமல் அந்த மூன்றாவது வளைவில் ஏறக்கூடாது என்றார். கணக்காளர் கந்தோரில் வரிசையில் நின்ற பெண், மரத்தில் இலையெல்லாம் கொட்டின பிறகும் தொங்குகிற செம்மஞ்சள் பழங்களையும் அதற்குப் பின்னால் ஒரு வீட்டின் விளக்கையும் கண்டதாகவும், அந்த வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்றும் சொன்னாள். நகைக்கடை முதலாளிக்குச் சுரங்கப்பாதைகள் மட்டுமே விழுந்திருந்தன, மொத்தம் இருநூற்றுப்பத்து, மனுசனுக்கு நாள் முழுக்கக் கண் கூசிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் விசயம் பிடிபட்டுவிட்டது. ஆச்சரியப்பட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் யாருக்கு எவ்வளவு விழுந்தது என்பதுதான் அவசரம்.

"எங்களுக்கு எண்ணாயிரம்" என்றார்கள் சிலர். "எங்களுக்கு ஒன்பதரை, அதிலை பாதி மலைப்பாதை" என்றார்கள் வேறு சிலர். வீடு விற்கிற முகவர் ஒருவர் பேருந்து நிற்கும் இடத்து வாங்கில் இருந்த தன் விளம்பரத்தில், சிரிக்கிற பல்லுக்குக் கீழே "ஜப்பானில் 11,000 கி.மீ. அனுபவம்" என்று சேர்த்துக்கொண்டார். கல்யாணத் தரகர்கள் படிப்புக்கும் உயரத்துக்கும் நடுவில் ஒரு நிரலைத் திறந்தார்கள். கிலோமீட்டர் பெற்றோர் சங்கம் என்று ஒன்று உருவாகி, தலைவர், செயலாளர், பொருளாளர், போசகர் எல்லாம் தெரிவாகி, வைத்தியர் காரைப் பின்னுக்கு எடுத்த தூரம் கணக்கில் சேருமா சேராதா என்ற கேள்வியில் மூன்றாம் கிழமை இரண்டாக உடைந்து, இரண்டு சங்கமும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தைக் கேட்டு அடிபட்டன. ஒரு குடும்பத்துக்கு விழுந்த கிலோமீட்டரில் பதினாலு, பின்சீற்றில் பிரேதத்தோடு ஓடியது. சாவுத் துடக்கு முப்பத்தொரு நாளா என்று அவர்கள் கோயிலில் போய்க் கேட்க, ஐயர் நெடுநேரம் யோசித்துவிட்டு, செத்தவர் ஜப்பான்காரர் என்றபடியால் மூன்று நாள் காணும் என்றார்.

குலநாயகம் இதையெல்லாம் தன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். தன் பிழை வெளியே வந்துவிட்டதே என்று முதல் கிழமை பயந்தவர், அதை ஒருவரும் பிழையாக எடுக்கவில்லை என்று கண்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கொத்துரொட்டிக் கடைச் சரோசாக்கா மட்டும்தான் கோபத்தோடு வந்தாள். அவளுக்கு விழுந்தது முழுக்கப் பனிச் சேறு. அடுப்படியில் நிற்கவே குளிர்கிறதாம். "உங்கடை சாமானை நீங்களே திருப்பி எடுங்கோ" என்று செட்ரிக்கின் முன்சீற்றில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள், இறங்கமாட்டேன் என்றாள். குலநாயகம் அம்பலவாணரைப் பார்த்தார். அம்பலவாணர் சும்மா அவளைச் சமாதானப்படுத்த மீட்டரை இன்னும் ஒரு முந்நூறு குறைத்தார். ஜப்பான் சேறு அவளைவிட்டுப் போகவில்லை. போனது வேறு. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் இறைச்சி ஏற்றுகிற குளிர்சாதன லொறி ஒன்றில், கொளுக்கிகளில் தொங்கிய மாடுகளுக்கு நடுவில், மற்றப் பதினேழு பேரோடு ஒரு எல்லையை அவள் கடந்த முந்நூறு கிலோமீட்டர் அவளைவிட்டுப் போயிருந்தது. இறங்கியவள் கொஞ்ச நேரம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணை," என்றாள், "எனக்கு ஒரு பாரமும் இல்லை."

இதற்குப் பிறகு பிளாசாவில் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை.

ஏனென்றால் ஸ்கார்பரோவில் நேராக வந்தவர் யார்? கேட்டால் எல்லோரும் கொழும்பில் ஏறி டொரொண்டோவில் இறங்கினவர்கள்தான், நடுவில் சாப்பாட்டுக்குக் கோழியா மீனா என்று கேட்டார்களாம். ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு முந்நூறு இருந்தது, ஒரு எண்பது இருந்தது, கப்பலின் அடித்தட்டில் ஒரு இரண்டாயிரம் இருந்தது. எல்லோரும் அதை விருந்துகளில் அணிகிற கோட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இப்போது அதை இறக்கிவைக்க ஒரு கார் வந்துவிட்டது, ஆனால் மீட்டரில் மிச்சம் இருப்பதோ இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். இரண்டு சங்கங்களும் சண்டையை நிறுத்தி ஒன்றாகக் கூடி, ஆளுக்கு ஐந்நூறுக்கு மேல் இல்லை என்று தீர்மானம் போட்டன. தீர்மானம் போட்டவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் குறைத்துக்கொண்டார்கள். வரிசை மீன்கடை வரைக்கும் போனது. உள்ளே ஏறும்போது தலை குனிந்து ஏறினவர்கள், இறங்கும்போது புது மாப்பிள்ளை மாதிரி இறங்கினார்கள். அந்த மார்கழி முழுக்க ஸ்கார்பரோவில் நல்ல நித்திரை.

பெரியவர்களுக்குத்தான். கார் ஓடிய தூரத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, அதனால் அது அகப்பட்டவன் தலையில் விழுந்தது. மனிதர் ஓடிய தூரத்துக்குச் சொந்தம் உண்டு, அது தேடிப்போய்ப் பிள்ளைகளில் விழுந்தது. சரோசாக்காவின் கடைசி மகன், ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவன், வீட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறக்கமாட்டேன் என்று அழுதான். பள்ளிக்கூடத்தில் படம் கீறச் சொன்னால் பிள்ளைகள் பெட்டி பெட்டியாகக் கீறினார்கள், பெட்டிக்குள் வட்ட வட்டமாகத் தலைகள். வாத்திமார் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்க, பெற்றோர் ஒரே குரலில் வீடியோ கேம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அப்படியொரு பெட்டி ஞாபகத்தில் இல்லை.

குலநாயகத்துக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அவரிடமும் ஒன்று இருந்தது. அவருடையது நாற்பத்துமூன்று.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தை மாதம், கிழக்கு ஐரோப்பாவில் ஒரு காட்டுக்குள்ளால் அவரும் தம்பி கிருபாகரனும் ஆட்களை எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் நடந்த தூரம் அது. நடக்கத் தொடங்கும்போது இரண்டு பேர், வெளியே வரும்போது ஒருவர். தம்பி வேறு லொறியில் ஏறினவன், பிறகு தகவல் இல்லை என்று அவர் தாய்க்குச் சொன்னார், கலியாணம் கட்டின யோகாம்பிகைக்குச் சொன்னார், மகள் சிந்துஜாவுக்குச் சொன்னார். வேறு லொறி என்பதால் கிருபாவின் படத்துக்கு மாலை போட முடியவில்லை. அது முப்பது வருடமாக விறாந்தைச் சுவரில் மாலையில்லாமல், வரப்போகிறவன் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தது. தாய் சாகும்வரைக்கும் வாசல் விளக்கை அணைக்க விடவில்லை.

தை மாதக் கடைசியில் சிந்துஜாவுக்குக் கலியாணம். அவள் மருந்தாளர், நல்ல பிள்ளை, அவளுக்கு ஒரு ஆசை. "அப்பா, கலியாணத்தண்டு மேடையிலை சித்தப்பாவைப் பற்றி ரெண்டு நிமிசம் கதையுங்கோ. அவருக்கு ஒரு கதிரையும் விடுவம். எங்கையாவது இருந்தால் வீடியோவிலை பார்ப்பார்."

"பார்ப்பம், பிள்ளை" என்றார் குலநாயகம். ஐந்நூறு பேருக்கு முன்னால், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அந்த வெறும் கதிரையைப் பார்த்து வேறு லொறி என்று சொல்லுகிற வாய் தன்னிடம் இல்லை என்று அவருக்குத் தெரியும். உண்மையைச் சொல்லுகிற வாயும் இல்லை.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, வரிசையெல்லாம் முடிந்த பிறகு அவர் காரில் ஏறிப் பார்த்தார். மீட்டரில் 00043. இதற்கென்றே மிச்சம் விட்டதுபோல நின்றது.

"எவ்வளவு?" என்றார் அம்பலவாணர்.

"முழுக்க."

அம்பலவாணர் ஊசியை எடுக்கவில்லை. அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அன்றுதான். "நாயகம், எங்கை போய் விழும் எண்டு தெரியும்தானே? குறைக்க என்னட்டை ஊசி இருக்கு. கூட்ட இல்லை. கூட்டவேணுமெண்டால் ஓடித்தான் கூட்டவேணும்."

"நாற்பத்துமூண்டுதானே" என்றார் குலநாயகம். "சின்னக் கணக்கு. சனம் ஆயிரக்கணக்கிலை குடுத்திட்டு நித்திரை கொள்ளுது. அவள் படிச்ச பிள்ளை, தாங்குவாள்."

இதைவிடக் கேவலமான ஒரு வசனத்தை அவர் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொல்லவில்லை. அம்பலவாணர் சுற்றினார். ஐந்து சைபரும் நேராக வந்து நின்றன. குலநாயகம் இறங்கினார், மூச்சை இழுத்து விட்டார், செருப்பைக் குனிந்து பார்த்தார், இதென்ன கோலம் என்று தனக்குத்தானே சிரித்தார், நேரே கடைக்குப் போய்ப் பளபளவென்று ஒரு சோடி கறுத்தச் சப்பாத்து வாங்கினார்.

அதே பின்னேரம் மருந்துக்கடையில் ஒருவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த சிந்துஜாவுக்குக் கால்விரல்கள் மரத்தன. அவள் எண்ணிக்கையை விட்டாள். அன்று முதல் அவளால் சப்பாத்துப் போட முடியவில்லை. யோகாம்பிகை அதைக் கலியாணப் பதற்றம் என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள்.

கலியாண நாள் காலை ஊரே மண்டபத்து வாசலில் நின்றது. செட்ரிக்கைப் பார வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருந்தார்கள், ஏனென்றால் அது இப்போது சைபர் கிலோமீட்டர் கார், மிசிசாகாவில் ஒரு பல்வைத்தியர் அதற்கு வாயூறிக்கொண்டிருந்தார், ஒரு கிலோமீட்டர்கூட ஏறக் கூடாது. வாசல் வரைக்குமான அந்த நூறடியையும் கோட்டுப் போட்ட எட்டுப் பேர் தள்ளுவது என்று ஏற்பாடு. விளக்கு எரியவேண்டும், படத்துக்கு வடிவு, ஆகவே சாவி மட்டும் போட்டிருந்தது. தலைக்கு மேலே ட்ரோன் இரைந்தது, மேளமும் டீஜேயும் ஒன்றையொன்று அமத்தப் பார்த்தன. பின்சீற்றில் கூறைச்சேலையும் வெறுங்காலுமாகச் சிந்துஜா, பக்கத்தில் பட்டு வேட்டியும் கறுத்தச் சப்பாத்துமாகக் குலநாயகம். முப்பது வருடத்தில் யாரும் பார்க்காத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

"அப்பா, இந்தச் சப்பாத்து உங்களுக்கு அளவோ?" என்றாள் அவள்.

"அளவாத்தானே இருக்கு. ஏன்?"

"சித்தப்பா எங்கை இருந்தவர்? நடந்து களைச்சு எங்கை குந்தினவர்?"

"அவன் வேறை லொறியிலை ஏறினவன், பிள்ளை" என்றார் குலநாயகம். "ஏறேக்கை கை காட்டினவன். நல்லா ஞாபகமிருக்கு."

சிந்துஜா அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் தேடியது பொய், அது இருந்திருந்தால் கோபித்திருப்பாள், ஏசியிருப்பாள், மன்னித்தும் இருப்பாள். அது அங்கே இல்லை. தகப்பன் தன் சொந்தப் பொய்யை நம்பிக்கொண்டு கைக்குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அந்தக் காடு முழுவதையும் அவள் ஒருத்தி சுமக்கிறாள், அதைத் திருப்பிக் கொடுக்கலாமென்றால் வாங்க ஆளில்லை.

அவள் கூறைச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இரண்டு சீற்றுக்கும் நடுவால் ஏறி முன்னுக்குப் போனாள். "அப்பா, இறங்காதேங்கோ" என்றாள். சாவியைத் திருப்பினாள். அரை நூற்றாண்டுக் கார் ஒரு தரம் இருமிவிட்டு உயிர்த்தது. தள்ளிக்கொண்டிருந்த எட்டுக் கோட்டுகளும் பனியில் குப்புற விழ, மேளக்காரர் இது புது மாதிரி வரவேற்பாக்கும் என்று கெட்டிமேளம் அடிக்க, செட்ரிக் வாசலைச் சுற்றி வெளியே போய்த் தெருவில் ஏறியது.

"பிள்ளை, மீட்டர்!" என்று கத்தினார் குலநாயகம். அப்போது அவருக்கு வந்த கவலை அதுதான்.

முகூர்த்தத்தைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி இன்னொன்று எடுத்தார், மண்டபம் ஐந்து மணிவரைக்கும் வாடகைக்கு இருந்தபடியால் நல்ல நேரமும் ஐந்து மணிவரைக்கும் இருந்தது. பெண் ஓடிவிட்டாள் என்று ஒரு சங்கமும், தகப்பனோடு ஓடினால் அது ஓட்டம் இல்லை என்று மற்றச் சங்கமும் நிலையெடுத்தன. விருந்துக்குப் பொரித்த ரோல்ஸ் ஆறிப்போனதில் மட்டும் இரு பகுதிக்கும் ஒரே கருத்து.

அவள் வடக்குப் பக்கமாக, வீடுகள் முடிந்து வயல்கள் வெள்ளையாகக் கிடக்கிற தெருவில் ஓட்டினாள். முதல் கிலோமீட்டர் ஏறியபோது குலநாயகம் வேட்டியை இழுத்துக் காலை மூடினார். ஐந்தாவதில், ஏஜென்சிக்காரன் நெருப்புக்குச்சி கொளுத்த விடவில்லை என்றார். எட்டாவதில், கிருபா ஏதோ பாட்டை முணுமுணுத்ததாகவும் தான் அதட்டியதாகவும் சொன்னார். பன்னிரண்டாவதில் காரை நிற்பாட்டச் சொன்னார், இருபதாவதில் கும்பிட்டுக் கேட்டார். அவள் நிற்பாட்டவில்லை. அவளுக்கும் கண் தெரியவில்லை, துடைத்துத் துடைத்து ஓட்டினாள். 00031 வந்தபோது அவர் கேட்பதை விட்டுவிட்டார். குனிந்து தன்னுடைய புதுச் சப்பாத்து இரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பன்னிரண்டு கிலோமீட்டரும் ஒரு வார்த்தை இல்லை, அங்கேயும் அந்தப் பன்னிரண்டையும் அவர் தனியாகத்தான் நடந்தார்.

00043-இல் அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய காலில் சூடு ஏறத் தொடங்கியது.

"என்ரை சப்பாத்து பிஞ்சுபோச்சு" என்றார் குலநாயகம். "அவன்ரையை நான் கழட்டேக்கை அவன் உயிரோடைதான் இருந்தவன், பிள்ளை."

"தெரியும், அப்பா. வலது காலை முதல் கழட்டினீங்கள்."

அவர் மடியிலிருந்த சப்பாத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

"மற்றக் காலைச் சித்தப்பா தானாத்தான் நீட்டினவர்" என்றாள் சிந்துஜா, காரைத் திருப்பிக்கொண்டே. "மேடையிலை அதையும் சொல்லுங்கோ."